வராதவர் கட்டும் சந்தா: உடற்பயிற்சிக் கூடத் தொழிலில் ஒப்பந்த வடிவமும் சந்தைப்படுத்தலும்

உடற்பயிற்சிக் கூடங்களின் வணிகத்தை ஆராய்வோர் பெரும்பாலும் விளம்பரங்களிலேயே நின்றுவிடுகிறார்கள். புத்தாண்டுச் சலுகை, நடிகரின் உடற்கட்டு, ‘முன்பு – பின்பு’ படங்கள், இன்ஸ்டாகிராம் காணொலிகள் என்று அந்தப் பட்டியல் நீளும். ஆனால் ஒரு கூடம் யாரை உள்ளே அழைக்கும், யாரை வாசலிலேயே தயங்க வைக்கும், எந்த இயந்திரத்தை வாங்கும், எந்த ஊழியருக்கு ஊக்கத்தொகை தரும் என்பதையெல்லாம் அது உறுப்பினரிடம் பணம் வாங்கும் முறையே தீர்மானித்துவிடுகிறது என்பது இக்கட்டுரையின் வாதம். பணம் முன்கூட்டியே மொத்தமாக வரலாம். மாதந்தோறும் கணக்கிலிருந்து தானாகக் கழியலாம். வந்துபோன வருகைக்கு மட்டும் வரலாம். இம்மூன்றில் எது என்று தெரிந்தால் விளம்பரத்தின் தொனியைக்கூட ஓரளவு ஊகித்துவிடலாம். மூன்று முறைகளும் முழு அளவில் வளர்ந்து, வழக்குகளாகவும் ஆய்வுகளாகவும் பதிவாகியிருக்கும் அமெரிக்காவே இங்கு முதன்மைக் களம். அந்த அனுபவம் இந்தியாவுக்கு எவ்வளவு பொருந்தும் என்பது கடைசியில் எழும் கேள்வி.

முன்பணத்தின் காலம்

ஜாக் லலேன் 1936இல் கலிஃபோர்னியாவின் ஓக்லாண்டில் கூடம் திறந்தபோது அது ஒரு தனிமனிதரின் பிரசாரமாகவே இருந்தது. அதைச் சங்கிலித் தொழிலாக மாற்றியவர்களில் முன்னோடி விக் டானி. வியர்வை நாற்றமடித்த பழைய கூடங்களுக்குப் பதிலாகக் கம்பளம், சுவர் நிறையக் கண்ணாடி, பளபளக்கும் குரோமியக் கருவிகள் என்று 1950களில் அவர் கடை விரித்தார். நடுத்தர வர்க்கத்துப் பெண்களும் கூச்சமில்லாமல் நுழையக்கூடிய இடமாக அது ஆனது. அத்தனை பளபளப்புக்கும் செலவழிக்கப் பணம் நீண்டகால ஒப்பந்தங்களிலிருந்து வந்தது. பழைய கிளையை நடத்தும் செலவைப் புதிய உறுப்பினரின் பணம் ஈடுகட்ட வேண்டியிருந்ததால் விற்பனை என்றைக்கும் நிற்க முடியாது. 1960களின் தொடக்கத்தில் விற்பனை தளர்ந்தது, சங்கிலியும் அறுந்தது. கலிஃபோர்னியா மாநிலம் இத்தகைய ஒப்பந்தங்களுக்கென்றே தனிச் சட்டம் இயற்றிய ஆண்டு 1961.

பாலி டோட்டல் ஃபிட்னஸ் இதே கதையைப் பெரிய அளவில் மீண்டும் நடத்திக் காட்டியது. சூதாட்ட இயந்திரங்கள் செய்துவந்த பாலி நிறுவனம் 1983இல் ஒரு கூடச் சங்கிலியை வாங்கியது. 1996இல் அது தனி நிறுவனமாகப் பிரிந்தது. சேரும்போது ஒரு பெரிய நுழைவுக் கட்டணம், அதைத் தவணையில் கட்டக் கடன், பல ஆண்டு ஒப்பந்தம் என்பது அதன் வழக்கம். இங்கே ஒரு கணக்கியல் கேள்வி எழுகிறது. மூன்றாண்டு சேவைக்காக இன்று வாங்கிய பணம் எந்த ஆண்டின் வருமானம்? அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்காற்று ஆணையம் 2008இல் பாலி மீது கொண்டுவந்த நடவடிக்கையின் மையம் அதுதான். 2001ஆம் ஆண்டு இறுதிக் கணக்கில் பங்குதாரர் மூலதனம் ஏறத்தாழ 180 கோடி டாலர் அளவுக்கு மிகைப்படுத்திக் காட்டப்பட்டிருந்தது என்பது குற்றச்சாட்டு. 2007இலும் 2008இலும் அந்நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரி நீதிமன்றம் சென்றது.

முன்பணம் வாங்கும் கூடத்தின் உண்மையான வாடிக்கையாளர் நாளை சேரப்போகிறவர். நேற்றே பணம் கட்டியவரால் கிடைக்க வேண்டியது கிடைத்துவிட்டது. எனவே அங்கே பயிற்சியாளரைவிட விற்பனையாளருக்கு மதிப்பு அதிகம். ‘இன்றே கடைசி நாள்’ என்ற அவசரம் அந்த விளம்பரங்களில் ஆண்டு முழுவதும் ஒலிப்பதும் இதனால்தான். நியூயார்க் மாநிலம் இதைப் புரிந்துகொண்டே தன் சட்டத்தை எழுதியது. 36 மாதத்துக்கு மேல் ஒப்பந்தம் கூடாது, கையெழுத்திட்ட மூன்று நாளுக்குள் காரணம் சொல்லாமல் விலகலாம், கூடம் மூடினால் உறுப்பினருக்குத் திருப்பித் தருவதற்காக உரிமையாளர் பிணைத்தொகை வைக்க வேண்டும் என்பவை அதன் முக்கிய விதிகள்.

மாதந்தோறும் கழியும் பணம்

வங்கிக் கணக்கிலிருந்தோ அட்டையிலிருந்தோ மாதக் கட்டணம் தானாகக் கழியும் முறை பரவியதும் ஆட்டம் மாறியது. இதை மிகத் துல்லியமாக அளந்தவர்கள் பொருளியலாளர்கள் ஸ்டெஃபானோ டெல்லாவீன்யாவும் உல்ரிகே மால்மெண்டியரும். 2006இல் ‘அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ’ இதழில் வெளியான அவர்களது கட்டுரை, நியூ இங்கிலாந்துப் பகுதியின் மூன்று கூடங்களில் 7,752 உறுப்பினர்களின் வருகைப் பதிவை மூன்றாண்டுக் காலத்துக்கு ஆராய்ந்தது. மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் சராசரியாக மாதத்துக்கு 4.3 முறை வந்தார்கள். ஒரு வருகைக்கு 17 டாலருக்கும் அதிகம். அதே கூடத்தில் பத்து வருகைக்கான அட்டை 100 டாலருக்குக் கிடைத்தது. அதாவது வருகைக்குப் பத்து டாலர். உறுப்பினராக இருந்த காலம் முழுவதையும் சேர்த்தால் சராசரி ஆள் இழந்தது 600 டாலர். கடைசியாக வந்த நாளுக்கும் ரத்து செய்த நாளுக்கும் இடையே சராசரியாக இரண்டு மாதத்துக்கு மேல் கழிந்தது. இதைவிடச் சுவையான முடிவு ஒன்றும் உண்டு. எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்ற சுதந்திரத்துக்காகக் கூடுதல் விலை கொடுத்து மாத ஒப்பந்தத்தில் சேர்ந்தவர்கள், ஓராண்டுக்குக் கட்டுப்பட்டுச் சேர்ந்தவர்களைவிட ஓராண்டைத் தாண்டியும் உறுப்பினராக நீடிக்கும் வாய்ப்பு 17 விழுக்காடு அதிகமாக இருந்தது.

இது சோம்பேறித்தனம் என்று சிரித்துவிட்டுப் போகக்கூடிய செய்தி அல்ல. மாதம் எத்தனை முறை வருவீர்கள் என்று தனியே கேட்டபோது கிடைத்த சராசரி விடை 9.5. மனிதர் தம் வருங்கால உழைப்பை இருமடங்குக்கு மேல் மதிப்பிடுகிறார். அந்த மிகை மதிப்பீட்டைத்தான் கூடம் விற்கிறது.

நியூ ஹாம்ப்ஷயரின் டோவர் நகரில் 1992இல் தொடங்கிய பிளானெட் ஃபிட்னஸ் இந்த அறிவைக் கட்டடமாகவே கட்டியது. 2024 இறுதியில் அதற்கு 2,722 கிளைகள், சுமார் 1 கோடியே 97 லட்சம் உறுப்பினர்கள். வகுத்துப் பார்த்தால் கிளைக்கு 7,200க்கு மேல். ஒரு கிளையின் பரப்பு பொதுவாக இருபதாயிரம் சதுர அடி அளவில் இருக்கும். அவர்களில் பத்தில் ஒருவர் ஒரே மாலையில் வந்தாலும் வாசலில் வரிசை நிற்கும். வராமல் பார்த்துக்கொள்ள எந்த ஏற்பாடும் வெளிப்படையாக இல்லை. ஆனால் உள்ளே இருப்பவற்றைக் கவனியுங்கள். டிரெட்மில்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. பெரும் எடை தூக்குவோர் தேடும் ஸ்குவாட் ரேக்குகள் நெடுங்காலம் பெரும்பாலான கிளைகளில் இல்லை, தண்டவாளத்தில் ஏறி இறங்கும் ஸ்மித் இயந்திரமே இருந்தது. முக்கி முனகி எடையைத் தரையில் போடுவோரை நாணவைக்கச் சங்கு ஒன்று சுவரில் உண்டு. மாதத்தின் முதல் திங்கட்கிழமை பீட்சாகூட இலவசமாகக் கிடைத்துவந்தது! வாரம் ஆறு நாள் வந்து கருவிகளைத் தேய்ப்பவர் இங்கே வசதியாக உணரமாட்டார். எப்போதாவது எட்டிப்பார்ப்பவர் தம்மை யாரும் எடைபோடவில்லை என்று நிம்மதியாக இருப்பார். ‘தீர்ப்பு சொல்லாத இடம்’ என்ற அதன் முழக்கம் கருணையிலிருந்து பிறந்ததா கணக்கிலிருந்து பிறந்ததா என்று பிரித்துப் பார்க்க இயலாது. இரண்டும் ஒரே திசையில் இழுத்ததே அந்த நிறுவனத்தின் வெற்றி.

விலையும் இதன் பகுதி. மாதம் 70 டாலர் கழிந்தால் வங்கி அறிக்கையில் கண்ணை உறுத்தும். 10 டாலர் கண்ணில் படாது. 1998 முதல் அடிப்படை உறுப்பினர் கட்டணத்தை 10 டாலரிலேயே வைத்திருந்த பிளானெட் ஃபிட்னஸ், 2024 சூன் மாதம் புதியவர்களுக்கு மட்டும் 15 டாலராக உயர்த்தியது. பழையவர்களுக்குப் பழைய விலையே. இது தாராளம் போலத் தோன்றினாலும், விலகினால் திரும்பி வரும்போது கூடுதலாகக் கட்ட நேரும் என்ற எண்ணமே வராதவரைப் பட்டியலில் நிறுத்தி வைக்கும்.

நடுவிலையில் இருந்த கூடங்கள்தான் இடையில் நசுங்கின. 2020இல் கோல்ட்ஸ் ஜிம், 24 ஹவர் ஃபிட்னஸ், நியூயார்க்கின் டவுன் ஸ்போர்ட்ஸ் ஆகிய மூன்றும் திவால் மனு தாக்கல் செய்தன. கொள்ளைநோய் உடனடிக் காரணம். ஆனால் மறதிக்குத் தேவையான மலிவும், ஈர்ப்புக்குத் தேவையான கவர்ச்சியும் இரண்டுமே அந்த விலைத்தட்டில் ஏற்கெனவே அரிதாகியிருந்தன என்பது என் கருத்து.

வருகைக்கு மட்டும் பணம்

2006இல் நியூயார்க்கில் தொடங்கிய, உள்ளரங்கச் சைக்கிள் பயிற்சி தரும் சோல்சைக்கிள் நிறுவனம் வகுப்புக்கு இவ்வளவு என்று வாங்கியது. வராதவரால் அதற்கு வருமானம் இல்லை. ஆகவே வரவைக்க வேண்டியிருந்தது. பயிற்றுநரை நட்சத்திரமாக்கியது, திங்கட்கிழமை நண்பகலில் அந்த வார முன்பதிவைத் திறந்து சினிமா டிக்கெட் போலப் போட்டியை உண்டாக்கியது.

கிளாஸ்பாஸின் அனுபவம் எதிர்முனையிலிருந்து அதே உண்மையைச் சொல்கிறது. மாதம் 99 டாலர் கட்டினால் பல கூடங்களின் வகுப்புகளுக்கு அளவில்லாமல் போகலாம் என்றது அது. ஆனால் ஒவ்வொரு வருகைக்கும் அந்தக் கூடத்துக்கு கிளாஸ்பாஸ் தன் கையிலிருந்து பணம் தர வேண்டும். ஊக்கமுள்ள உறுப்பினரே அதற்கு நட்டம். நியூயார்க்கில் விலை 125 ஆனது, பிறகு 190 ஆனது. 2016 இறுதியில் அளவில்லாத் திட்டமே கைவிடப்பட்டது. உடற்பயிற்சித் தொழிலில் உடற்பயிற்சியை நேசிப்பவர் சுமையாகிப்போன விசித்திரம் இதைவிடத் தெளிவாக எங்கும் வெளிப்பட்டதில்லை.

எதிர்வாதம்

வராதவரின் பணம்தானே வருபவருக்கு மலிவு விலையைத் தருகிறது, இதில் யாருக்கு என்ன தீங்கு என்று கேட்கலாம். நேர்மையான கேள்விதான். மாதம் 10, 15 டாலருக்கு நல்ல டிரெட்மில் கிடைக்கும் ஒரு தொழிலாளிக்கு இந்த ஏற்பாடு வரமே. மேலும், சந்தா கட்டுவதே ஒரு சுயக்கட்டுப்பாட்டு உத்தி, பணம் போகிறதே என்ற எண்ணமாவது தன்னைக் கிளப்பும் என்று தெரிந்தே சேர்கிறார்கள் என்றும் சொல்லலாம். ஆனால் அப்படித் தெரிந்து சேர்பவர், வருவதை நிறுத்திய பின் இரண்டு மாதம் காத்திருந்து ரத்து செய்வதற்கு அந்த விளக்கத்தில் இடமில்லை.

கூடங்களுக்கு ஆட்களை வரவழைக்கத் தெரியாது என்பதும் உண்மையல்ல. 24 ஹவர் ஃபிட்னஸின் 61,293 உறுப்பினர்களை வைத்துக் கேத்தரின் மில்க்மன் குழுவினர் நடத்தி, 2021இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட பேராய்வு 54 விதமான நான்கு வாரத் திட்டங்களைச் சோதித்தது. ஏறத்தாழப் பாதித் திட்டங்கள் வருகையை 9 முதல் 27 விழுக்காடு வரை உயர்த்தின. முதலிடம் பெற்ற திட்டம் செய்தது இவ்வளவுதான்: ஒரு நாள் தவறவிட்டுத் திரும்பி வந்தவருக்கு 9 சென்ட் மதிப்புள்ள புள்ளிகள். திட்டம் முடிந்தபின் பெரும்பாலானவற்றின் பலன் கரைந்துவிட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் 9 சென்ட் செலவில் வரவழைக்க முடிந்தவரை ஒரு தொழில் வரவழைக்காமல் இருந்தால், காரணத்தை அறியாமையில் தேடுவதில் பயனில்லை.

இந்தியாவுக்கு எது பொருந்தும்?

அமெரிக்காவில் இன்றைய சண்டை ரத்து செய்யும் பொத்தானைப் பற்றியது. சேர்வது எவ்வளவு எளிதோ விலகுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்று கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2024 அக்டோபரில் விதி வகுத்தது. நடைமுறைக் குறைபாட்டைக் காட்டி 2025 சூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அடுத்த மாதமே, விலகுவதை வேண்டுமென்றே கடினமாக்கியதாகக் குற்றஞ்சாட்டி எல்.ஏ. ஃபிட்னஸ் உரிமையாளர்கள் மீது ஆணையம் வழக்குத் தொடுத்தது.

இந்தச் சண்டையை அப்படியே இங்கே இறக்குமதி செய்வதில் பொருளில்லை. தானாகக் கழியும் சந்தாவுக்கு, பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே வாடிக்கையாளருக்குத் தகவல் அனுப்ப வேண்டும், அப்போதே அதை மறுக்கவும் வழி வேண்டும் என்ற ரிசர்வ் வங்கி விதி 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. மாதந்தோறும் ‘உங்கள் ஜிம் கட்டணம் நாளை எடுக்கப்படும்’ என்று குறுஞ்செய்தி வரும் நாட்டில் மறதியை முதலாக வைத்து ஒரு சங்கிலியைக் கட்டுவது கடினம். நம் வங்கி ஒழுங்காற்றாளர் ஜிம்மை நினைத்து அந்த விதியை எழுதவில்லை. விளைவு மட்டும் அங்கே போய்ச் சேர்ந்தது.

அதனால் இந்தியக் கூடங்கள் டானியின் பழைய வழியிலேயே நிற்கின்றன. சென்னையிலோ மதுரையிலோ ஒரு நடுத்தர ஜிம்முக்குள் நுழைந்து கட்டணம் கேளுங்கள். லேமினேட் செய்த அட்டை ஒன்று மேசையில் வரும்: ஒரு மாதம், மூன்று, ஆறு, பன்னிரண்டு. ஒரு மாதக் கட்டணத்தை யாரும் எடுக்கக்கூடாது என்பதற்காகவே எழுதியதுபோல இருக்கும். ஆறு மாதத்தோடு கொஞ்சம் சேர்த்தால் ஓராண்டு. “சார், இன்னைக்கே கட்டிட்டீங்கன்னா ரெண்டு மாசம் ஃப்ரீ, நாளைக்கு ஆஃபர் இருக்காது” என்பார் மேசைக்குப் பின்னால் இருப்பவர். ரசீதின் அடியில் சிறிய எழுத்தில், கட்டிய தொகை திருப்பித் தரப்படாது, வேறொருவருக்கு மாற்ற இயலாது. 1932இல் மும்பையில் தொடங்கி 2010இல் பங்குச் சந்தைக்கு வந்த தல்வால்கர்ஸ் போன்ற பழம்பெரும் பெயரே 2019இல் கடன் தவணை தவறியது. கூடம் மூடினால் ஆண்டுச் சந்தா கட்டியவர், பிணையில்லாமல் கடன் கொடுத்தவர்களின் வரிசையில் கடைசியில் நிற்கிறார்.

2025 செப்டம்பர் 22 முதல் ஜிம் கட்டணத்தின் மீதான சரக்கு சேவை வரி 18 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்தது வரவேற்கத்தக்கது. ஆனால் கூடங்கள் தாம் வாங்கும் பொருள்களுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரி வரவு இந்த விகிதத்தில் இல்லாததால் முழுக் குறைப்பும் உறுப்பினருக்கு வந்து சேராது. விலை எதுவானாலும், முன்பணத்தின் பாதுகாப்பு வரி விகிதத்தால் மாறுவதில்லை.

சட்டம் இங்கே சற்று விலகி நிற்கிறது. 2023 நவம்பரில் வந்த ஏமாற்று வடிவமைப்புத் தடுப்பு வழிகாட்டுதல்கள் ‘சந்தாப் பொறி’யைப் பெயர் சொல்லித் தடுக்கின்றன; ஆனால் அவற்றின் கவலை ரத்து செய்யும் வழி மறைக்கப்படுவதைப் பற்றியது, மொத்தமாக வாங்கிய பணம் திரும்பாததைப் பற்றியதல்ல. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்ற கருத்தைக் கொண்டுவந்தது. அந்தக் காரணத்தைக் காட்டி முறையிட வேண்டுமானால் மாவட்ட ஆணையத்துக்குப் போக முடியாது, மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். சில ஆயிரம் ரூபாய் ஆண்டுச் சந்தாவுக்காக யார் அவ்வளவு தூரம் போவார்?

அமெரிக்காவிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது 2024இன் பொத்தான் விதியை அல்ல, நியூயார்க்கின் பழைய பிணைத்தொகையை. மூன்று மாதத்துக்கு மேற்பட்ட சந்தாவை முன்கூட்டி வாங்கும் கூடங்கள் அதற்கு ஈடாகப் பிணை வைக்க வேண்டும், பயன்படுத்தாத மாதங்களுக்கான தொகையை ஒரு சிறு கழிவோடு திருப்பித் தர வேண்டும், இவ்வழக்குகளை மாவட்ட ஆணையமே விசாரிக்க வேண்டும். நுகர்வோர் விவகாரத் துறை இம்மூன்றையும் விதியாக்க முன்வர வேண்டும்.