எம்டன் எப்படி உள்ளே வந்தது? – ஒரு விளையாட்டுக்கான குறிப்புகள்

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் மந்தைவெளியில் எங்கள் வீட்டில் ஐந்து பேர் கூடி டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் ஆடுகிறோம். கதை சொல்லும் வேலை என்னுடையது. இந்த முறை சண்டையே இல்லாத, ஒளிந்து போவது மட்டுமே உள்ள ஒரு சாகசம் எழுத ஆசைப்பட்டேன். களம், 1914-ல் எம்டன் கப்பல் சென்னைக்கு வந்த ராத்திரி.

முதல் வரைவு சொதப்பல். வழக்கமான விதிப்படி ஒவ்வொருவரும் டைஸ் உருட்ட வேண்டும். ஒருவர் மாட்டினாலும் அபாயச் சங்குதான். ஒருவர் தப்பிக்க 70 சதவீத வாய்ப்பு என்று வைத்தால், ஐந்து பேரும் சேர்ந்து தப்பிக்க 17 சதவீதம்தான். கால்குலேட்டரில் 0.7-ஐ ஐந்து முறை பெருக்கிப் பாருங்கள். இந்தச் சிக்கல் பழசு. 1975-லேயே டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் திருடன் பாத்திரத்தைச் சேர்த்தபோது நிழலில் ஒளிவதற்கும் சத்தமில்லாமல் நடப்பதற்கும் சதவீதக் கணக்குதான் கொடுத்தார்கள்.

சரி, நிஜ எம்டன் எப்படித் தப்பித்தது?

எம்டனுக்கு மூன்று புகைபோக்கிகள். மரச்சட்டத்தில் கித்தானைக் கட்டி நாலாவதாக ஒரு பொய்ப் புகைபோக்கி செய்து வைத்திருந்தார்கள். தூரத்தில் பார்த்தால் பிரிட்டிஷ் கப்பல் மாதிரியே இருக்கும். கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் தன் ஒயர்லெஸ்ஸில் பேசாமல், பிரிட்டிஷார் பேசுவதை மட்டும் ஒட்டுக் கேட்டார். பிடிபட்ட கப்பல்களில் கிடைத்த செய்தித்தாள்களையும் விடவில்லை. கப்பல் போக்குவரத்துச் செய்தியெல்லாம் அதிலேயே இருந்தது!

வங்கக் கடலில் ஒரு ஜெர்மன் கப்பல் திரிகிறது என்ற தகவல் ஒரு வாரம் முன்பே வந்துவிட்டது. ஆனாலும் செப்டம்பர் 22 இரவு சென்னையில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. உயர்நீதிமன்றக் கோபுரத்தில் இருந்த கலங்கரை விளக்கமும் எரிந்தது. எம்டன் கரையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கும் குறைவான தூரம்வரை வந்தது. ஒன்பதரை மணி சுமாருக்குத் தேடுவிளக்கைப் போட்டுச் சுட ஆரம்பித்தது. அரை மணி நேரத்தில் ஏறக்குறைய 130 குண்டுகள். பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. துறைமுகத்தில் நின்ற ஒரு சரக்குக் கப்பலிலும் குண்டு விழுந்தது. குறைந்தது ஐந்து பேராவது இறந்தார்கள்.

அதாவது, சென்னையில் யாரும் தூங்கிவிடவில்லை. "இங்கே வராது" என்று நம்பியிருந்தார்கள், அவ்வளவுதான். அக்டோபர் 28-ல் பினாங்கிலும் இதே கதை. ஒரு ரஷ்யப் போர்க்கப்பலும் ஒரு பிரெஞ்சுக் கப்பலும் போயின. ஆனால் நவம்பர் 9-ல் கோகோஸ் தீவில், தந்தி நிலைய ஊழியர்கள் வந்த கப்பலைச் சந்தேகப்பட்டு உடனே செய்தி அனுப்பினார்கள். சில மணி நேரத்தில் ஆஸ்திரேலியாவின் சிட்னி போர்க்கப்பல் வந்தது. எம்டன் கதை அன்றோடு முடிந்தது.

இதிலிருந்து என் புது விதி: டைஸ் தவறினால் உடனே மாட்டிக்கொள்வதில்லை, காவலரின் சந்தேகம் ஒரு படி ஏறும். மூன்றாவது படியில்தான் சங்கு. அதே 70 சதவீதத்தில் ஐந்து பேரும் தப்பிக்கும் வாய்ப்பு இப்போது கிட்டத்தட்ட 84 சதவீதம். செய்தித்தாள் படித்து, ஒட்டுக் கேட்டுத் தகவல் சேர்த்தால் ஒரு படி இறக்கிக்கொள்ளலாம்.

எழுதி முடித்துக் காட்டியபோது அக்கா பொண்ணு கேட்டாள்: "மாமா, நான் செண்பகராமன் பிள்ளையா ஆடட்டுமா? அவர் எம்டன்ல வந்தாராமே?"

எனக்கும் சின்ன வயசில் அப்படித்தான் சொன்னார்கள். அடையாறு பக்கம் காந்தி மண்டப வளாகத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. போகும்போதெல்லாம் அந்தக் கதை ஞாபகம் வரும். ஆனால் தேதிகள் ஒத்துவரவில்லை. எம்டன் ஜூலை கடைசியில் சீனாவின் சிங்தாவ் துறைமுகத்தை விட்டுக் கிளம்பியது. அந்தச் செப்டம்பரில் பிள்ளை சுவிட்சர்லாந்தின் ஜூரிக்கில் இந்திய விடுதலைக்கு ஒரு கமிட்டி அமைத்துக்கொண்டிருந்தார். பிறகு பெர்லின் போனார். அவர் செய்ததே பெரிய காரியம். அதற்குக் கப்பலில் ஏற்றிவிட வேண்டிய அவசியமில்லை.

அவள் முகம் வாடிவிட்டது. "அப்போ நான் யாரு?"

விளையாட்டுதானே, ஏற்றிவிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஆனால் அந்த மேஜையில் கேட்பதைத்தான் அவள் நாளைக்கு இன்னொருவரிடம் சொல்வாள். எரிந்த தொட்டிகளும் இறந்த ஐந்து பேரும் நிஜம் என்றால், மற்றதையும் நிஜமாகவே சொல்ல வேண்டும். "நீ கலங்கரை விளக்கத்தில வேலை பாக்குற ஆள். ஜெர்மன் கப்பல் சுத்துதுன்னு உனக்குத் தெரியும். விளக்கை அணைச்சா நம்ம கப்பலே தரைதட்டும். அணைக்கலேன்னா?"

கொஞ்ச நேரம் யோசித்தாள். அன்றைக்குச் சாகசம் அவள் பக்கத்திலிருந்துதான் ஆரம்பித்தது.

'அவன் சரியான எம்டன்' என்று இன்றைக்கும் சொல்கிறோம், இல்லையா? உயர்நீதிமன்றக் கிழக்குச் சுவரில் குண்டு விழுந்த இடத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள்.