வாலெரின் காப்புரிமையும் ஜெம் கிளிப்பும்: ஒரு மறுவாசிப்பு

காகிதக் கிளிப்பை நார்வே நாட்டவரான யோஹான் வாலெர் கண்டுபிடிக்கவில்லை என்பதை இன்று ஆய்வாளர் எவரும் மறுப்பதில்லை. ஆனால் அதை நிறுவிய ஆய்வு மரபு, அந்தச் சரியான முடிவிலிருந்து மேலும் இரண்டு முடிவுகளுக்குத் தாவியிருக்கிறது. வாலெர் பெற்ற காப்புரிமை, வரலாற்றாய்வுக்குப் பயன்படாத ஒரு வெற்று ஆவணம் என்பது ஒன்று. 1940இல் ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது நார்வே மக்கள் கிளிப்பைச் சட்டையில் அணிந்தது, அது தம் நாட்டவரின் கண்டுபிடிப்பு என்று தவறாக நம்பியதால்தான் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. முதலாவது, காப்புரிமை ஆவணத்தை அதன் சொற்களுக்குள் நின்று படிக்காததால் வந்தது. இரண்டாவது, காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றி வைத்ததால் வந்தது.

அமெரிக்கக் காப்புரிமை எண் 675,761, 1901 ஜூன் 4 அன்று வாலெருக்கு வழங்கப்பட்டது. ஜெர்மனியில் அவர் 1899இலேயே விண்ணப்பித்திருந்தார். இந்த ஆவணத்தின் உரிமைக்கோரல் என்ன சொல்கிறது என்பதே நம் கேள்வி. மீள்தன்மையுள்ள கம்பி போன்ற ஒரு பொருளைச் செவ்வகமாகவோ முக்கோணமாகவோ வேறு வடிவிலோ வளையமாக வளைத்து, அதன் இரு முனைகளும் எதிரெதிர்த் திசையில் பக்கம் பக்கமாகப் படுத்திருக்குமாறு அமைப்பது: அவர் கோரியது இவ்வளவுதான். வடிவம் அவருக்குப் பொருட்டே அல்ல. வடிவங்களை அவர் பட்டியலிடும் விதமே அதைக் காட்டுகிறது. அவர் பிடித்துக்கொள்வது முனைகளின் இருப்பை. நம் அலுவலகங்களில் ஜெம் கிளிப் என்ற பெயரில் புழங்கும் கிளிப்போ வேறு விதமாக வேலை செய்கிறது. வெளி வளைவுக்குள் இன்னொரு முழு வளைவு நாக்குப்போல இறங்குகிறது. தாள்கள் இவ்விரு வளைவுகளுக்கும் இடையே நுழையும்போது கம்பி முறுக்கப்படுகிறது. பழைய நிலைக்குத் திரும்ப முயலும் அந்த விசைதான் தாள்களைப் பிடிக்கிறது. வாலெரின் அமைப்பில் இந்த உள்வளைவு இல்லை. அதனால் தாளை நுழைப்பதும் எளிதல்ல, பிடிப்பும் குறைவு. அது விற்பனைக்காக உற்பத்தி செய்யப்படவில்லை என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை. ஆகவே இதை ஜெம் கிளிப்பின் மூல ஆவணமாகப் படித்தவர்களும், ஜெம் கிளிப்பின் தோற்றுப்போன நகலாகப் படித்தவர்களும் ஒரே பிழையைத்தான் செய்தார்கள். ஆவணம் பேசாத ஒரு பொருளை அதற்குள் தேடினார்கள்.

இதை உறுதிப்படுத்த இன்னொரு காப்புரிமையை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். கனெக்டிகட் மாநிலத்து வாட்டர்பரியைச் சேர்ந்த வில்லியம் மிடில்புரூக், கம்பியை வளைத்துக் கிளிப் செய்யும் இயந்திரத்துக்கு 1899 ஏப்ரலில் விண்ணப்பித்து, நவம்பர் 7 அன்று உரிமை பெற்றார். அவர் கோரியது இயந்திரத்தை மட்டுமே. அந்த இயந்திரம் வளைத்துத் தரும் பொருளாக அவர் வரைந்திருப்பது, ஐயத்துக்கு இடமில்லாமல், இன்று நாம் காணும் ஜெம் வடிவம். தன்னுடைய புதுமை என்று கோரக்கூடிய ஒரு பொருளை அவர் ஏன் கோராமல் விட்டார்? அது ஏற்கெனவே சந்தையில் இருந்தது என்பதே பொருத்தமான விடை. 1893ஆம் ஆண்டு விளம்பரம் ஒன்றில் அதே வடிவம் படத்துடன் இருக்கிறது. 1904இல் ஜெம் என்ற பெயரை வணிகக் குறியாகப் பதிந்த நிறுவனம், 1892 மார்ச் முதல் அதைப் பயன்படுத்திவருவதாகக் கூறியது. ஜெம் என்ற பெயரில் தாள் பிணைப்பி ஒன்றைப் புகழும் 1883ஆம் ஆண்டுக் கட்டுரையும் உண்டு. ஆனால் அதில் படம் இல்லாததால் அதன்மீது அதிகம் கட்டி எழுப்பக் கூடாது. மிடில்புரூக்கின் வரைபடம் கோப்பில் இருக்கும்போதே, அதே அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் இரண்டு ஆண்டுக்குள் வாலெருக்கும் உரிமை அளித்தது. அங்கிருந்த காப்புரிமை ஆய்வாளர் கவனிக்கத் தவறியிருக்கலாம். ஆயினும், இரண்டும் வேறு வேறு பொருள்கள் என்று அவர் கருதியிருப்பார் என்பதே என் துணிபு. குண்டூசி தாளைத் துளைத்தது, துருவால் கறை ஏற்றியது; அதற்கு மாற்று வேண்டும் என்ற தேவை பல காலமாக இருந்தது. மலிவான எஃகுக் கம்பியும் அதை வளைக்கும் பொறியும் வந்த பிறகே அத்தேவை நிறைவேறியது. வெற்றி பெற்ற வடிவத்துக்குக் காப்புரிமை இல்லை. காப்புரிமைக் கோப்புகளில் இருப்பவை பெரும்பாலும் அதிலிருந்து விலகிய வடிவங்கள். பெயர் தேடிக் கோப்பைத் திறக்கும் வரலாற்றாசிரியர், விலகியவர்களில் ஒருவரையே கண்டெடுக்க நேரும்.

இனி 1940. அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் ஒஸ்லோ பல்கலைக்கழக மாணவர்கள் சட்டை மடிப்பில் கிளிப்பை அணியத் தொடங்கினார்கள். நார்வே அரசர் ஏழாம் ஹாகோனின் முத்திரையுள்ள சின்னங்கள் தடைக்கு உள்ளாயின. விரைவில் கிளிப்பும் தடை செய்யப்பட்டது. இச்செய்கையின் பொருள் கிளிப்பின் வேலையிலேயே இருக்கிறது: நாம் ஒன்றாகப் பிணைந்திருக்கிறோம். இதைப் புரிந்துகொள்ளக் கண்டுபிடித்தவர் எவர் என்று தெரிய வேண்டியதில்லை. வாலெர் 1910இலேயே காலமாகிவிட்டார். 1920களில் ஜெர்மனி சென்ற நார்வேக் காப்புரிமைப் பொறியாளர் ஒருவர், வாலெரின் ஆவணத்தைச் சாதாரணக் கிளிப்பின் ஆவணம் என்று கொண்டு அறிக்கை எழுதினார். அக்கூற்று கலைக்களஞ்சியங்களுக்குள் நுழைந்து பரவியது போருக்குப் பின்னரே. எனவே வாலெரின் புகழ் சின்னத்தை உண்டாக்கவில்லை. சின்னம்தான் வாலெருக்குப் புகழைத் தேடித் தந்தது. எதிர்ப்பின் நினைவு ஒரு தேசியக் கண்டுபிடிப்பாளரை வேண்டி நின்றபோது, அறிக்கை ஒன்று கைவசம் இருந்தது.

சில மாணவர்களாவது வாலெரை முன்பே அறிந்திருக்கலாமே என்று கேட்கலாம். அறிந்திருக்கலாம்; ஆனால் நாடெங்கும் பரவிய ஒரு செய்கைக்கு அது காரணமாகிவிடாது. நார்வேயில் அப்போது காப்புரிமைச் சட்டமே இல்லாததால்தான் வாலெர் வெளிநாட்டில் விண்ணப்பித்தார் என்ற வாதத்துக்கு அதிக இடம் தேவையில்லை: அங்கே 1885இலேயே சட்டம் இயற்றப்பட்டுவிட்டது, வாலெர் வேலை பார்த்ததே கிறிஸ்டியானியாவின் (இன்றைய ஒஸ்லோவின்) காப்புரிமை முகமை ஒன்றில்தான். கனமான மறுப்பு வேறொன்று: 1989இல் நார்வேயின் சான்ட்விகாவில் எழுந்த ஏறத்தாழ ஏழு மீட்டர் உயரக் கிளிப்பும், 1999இல் வெளிவந்த அஞ்சல்தலையும் வாலெரைத்தானே கொண்டாடுகின்றன, மக்கள் நினைவை வெறும் பிழை என்று தள்ளலாமா? தள்ளக் கூடாது. ஆனால் அந்நினைவு எதைப் போற்றுகிறது என்று பார்க்க வேண்டும். சிலை ஜெம் இனத்தைச் சேர்ந்தது. அஞ்சல்தலையிலோ ஜெம் கிளிப் முன்னால் நிற்க, வாலெரின் ஜெர்மானியக் காப்புரிமைத் தாள் அதன் பின்னணியில் இருக்கிறது. மாணவர்கள் அணிந்த பொருளுக்கும் அதற்குப் பின்னர் தேடிச் சேர்த்த ஆவணத்துக்கும் உள்ள வேறுபாட்டை, கொண்டாடியவர்களே ஒரே சதுரத்தில் அச்சிட்டுத் தந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் டென்னசி மாநிலத்து விட்வெல் பள்ளி மாணவர்கள் 1998இல் யூத இனப் படுகொலையில் இறந்தவர்களின் நினைவாகக் கிளிப்புகளைச் சேகரிக்கத் தொடங்கியபோது அவர்களைத் தொட்ட கதையிலும் வாலெரும் எதிர்ப்பும் ஒன்றாகவே வந்தன. அதிலிருந்து வாலெரை நீக்கிவிட்டாலும் அவர்கள் செய்ததன் பொருள் சிறிதும் குறையாது.