சிறுநீரக நோயாளிகள் காட்டிய தடயம்

காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூர் வயல்களில் தூவும் யூரியா அப்படியே பயிருக்குச் சேர்வதில்லை. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் யூரியேஸ் என்ற நொதியால் அதை உடைத்து அமோனியாவாக்குகின்றன. இதே வினை மனித இரைப்பையிலும் நடக்கிறது. அங்கே அதைச் செய்வது யார் என்று கண்டுபிடிக்க அறுபது ஆண்டுகள் பிடித்தன!

1924-இல் லக், சேத் என்னும் இருவர் இரைப்பைச் சவ்வில் யூரியேஸ் இருப்பதாக அறிவித்தனர். அது இரைப்பையின் சொந்த நொதி என்றே பலரும் நம்பினர். 1950-இல் டப்ளின் நகர ஆய்வாளர்கள் ஃபிட்ஸ்ஜெரால்டும் மர்ஃபியும், அமிலத்திலிருந்து இரைப்பைச் சுவரைக் காக்கும் ஏற்பாடு அது என்றனர்.

சிறுநீரகம் பழுதானால் இரத்தத்தில் யூரியா தேங்கும். இரைப்பைநீரிலும் அது மிகும். இத்தகைய நோயாளிகளைத்தான் லீபரும் லெஃபெவரும் ஆராய்ந்தனர். அவர்களுடைய இரைப்பைநீரில் அமோனியா மிகுதி, அமிலமோ குறைவு. டெட்ராசைக்ளின் வகை மருந்து கொடுத்ததும் அமோனியா குறைந்தது, அமிலம் ஏறியது. கிருமியைக் கொல்லும் மருந்துக்கு நொதி அடங்கினால், அந்த நொதி கிருமியுடையதாகத்தானே இருக்க வேண்டும்? 1957-இலும் 1959-இலும் இம்முடிவுகள் அச்சேறின. ஆனால் அந்தக் கிருமியைத் தேடி எவரும் புறப்படவில்லை.

காரணம் உண்டு. 1954-இல் அமெரிக்க மருத்துவர் பால்மர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் இரைப்பைத் திசுவைப் பார்த்து, சுருள்வடிவக் கிருமி எதுவும் இல்லை என்று எழுதியிருந்தார். அவர் கையாண்ட சாயத்தில் அது தெளிவாகத் தெரியாது. எண்ணிக்கை பெரிதாக இருந்ததால் முடிவும் உறுதி என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள் போலும்.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் 1979-இல் ராபின் வாரன் அக்கிருமியைக் கண்டார். வெள்ளிச் சாயம் அதைத் துலக்கிக் காட்டியது. 1982-இல் ஈஸ்டர் விடுமுறையால் ஐந்து நாட்கள் அப்படியே விடப்பட்ட வளர்ப்புத் தட்டில் பாரி மார்ஷலுக்கு அது வளர்ந்து கிடைத்தது. வழக்கமாக இரண்டே நாளில் தட்டை எறிந்துவிடுவார்கள்! இன்று அதன் பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி. அதனிடம் யூரியேஸ் ஏராளம் என்பதை 1984-இல் டச்சு ஆய்வாளர்கள் காட்டினர். வாரனும் மார்ஷலும் 2005-இல் நோபெல் பரிசு பெற்றனர்.

யூரியா மிகுந்த வயிற்றில் இக்கிருமி செழிக்கும் என்றுதான் யாரும் நினைப்போம். ஆனால் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, டயாலிசிஸ் செய்துகொள்வோரிடம் இது மற்றவர்களைவிடக் குறைவாகவே காணப்பட்டது. ஏன் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. மருந்து கொடுப்பதிலும் எச்சரிக்கை தேவை: அமாக்சிசிலின் அளவைச் சிறுநீரகத்தின் திறனுக்கேற்பக் குறைக்க வேண்டும். லீபருக்குத் தடயம் காட்டிய டெட்ராசைக்ளினோ, பழுதான சிறுநீரகமுள்ளோரின் இரத்தத்தில் யூரியாவை மேலும் ஏற்றிவிடும்.