பிரித்தானியக் குரூசர் டாங்கியின் மெல்லிய கவசம்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

இரண்டாம் உலகப் போரின் தொடக்க ஆண்டுகளில் பிரித்தானியப் படை பயன்படுத்திய ‘குரூசர்’ வகை டாங்கிகள் விரைவு மிக்கவை, கவசத்தில் மெலிந்தவை. இம்மெலிவை வடிவமைத்தோரின் பிழை எனக் கூறுவது எளிது. எனினும் அது போர்முறைக் கொள்கையின் விளைவே என்பதை, ஏ13 என்னும் குரூசரை முன்வைத்து இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

இருவகைப் பகுப்பு

1930களின் பிற்பகுதியில் பிரித்தானியர் டாங்கிகளின் பணியை இரண்டாகப் பகுத்தனர். காலாட்படையோடு நடைவேகத்தில் சென்று அரண்களை உடைப்பது ஒன்று. உடைந்த வழியே விரைந்து புகுந்து பகைவரின் பின்புறத்தைத் தாக்குவது மற்றொன்று. முன்னதற்குத் தடித்த கவசமும் பின்னதற்கு விரைவும் உரியனவாகக் கொள்ளப்பட்டன. குதிரைப்படையின் பழைய பணியை ஏற்ற பின்னதற்குப் போர்க்கப்பல் வகையொன்றின் பெயரான ‘குரூசர்’ என்பதே பெயராயிற்று.

ஏ13இன் தோற்றம்

1936இல் வேவல் தலைமையில் சோவியத் படைப்பயிற்சியைக் காணச் சென்ற குழுவில் மார்ட்டெல் இடம்பெற்றிருந்தார். அங்குக் கண்ட பி.டி. டாங்கிகளின் விரைவு அவரை ஈர்த்தது. அவற்றின் சக்கர அமைப்பு, அமெரிக்கரான வால்டர் கிறிஸ்டி வகுத்தது. கிறிஸ்டியின் வண்டியொன்று வாங்கப்பட்டு, அதனடிப்படையில் நஃபீல்டு நிறுவனத்தார் ஏ13ஐ உருவாக்கினர். முதல் உலகப் போர்க்கால வானூர்தி எஞ்சினான லிபர்ட்டி, சுமார் 14 டன் எடையுள்ள இவ்வண்டியை மணிக்கு 48 கி.மீ. வேகத்தில் செலுத்தியது. முதல் வடிவின் கவசம் 14 மி.மீ.; அதில் 65 வண்டிகளே கட்டப்பட்டன. அடுத்த வடிவின் கவசம் 30 மி.மீ. ஆயிற்று. காலாட்படை டாங்கியான இரண்டாம் மாட்டில்டாவின் கவசமோ 78 மி.மீ.

களத்தில் கண்ட உண்மை

1940 மே மாதம் கலேயிலும் சோம் ஆற்றங்கரையிலும் குரூசர்கள் பேரிழப்புக்குள்ளாயின. அதே ஆண்டு டிசம்பர் 9 அன்று எகிப்தின் நிபெய்வா முகாமை 4ஆம் இந்தியப் படைப்பிரிவு கைப்பற்றியபோது முன்சென்றவை மாட்டில்டாக்களே. 1941 பிப்ரவரியில் லிபியாவின் பெடா ஃபொம்மில் பின்வாங்கிய இத்தாலியப் படையை மடக்கியதில் குரூசர்கள் பங்கேற்றன. கொள்கை வென்றதாகத் தோன்றியது. ஆனால் ஜெர்மானியர் வந்தபின் நிலைமை மாறியது. ஏ13இன் இரண்டு பவுண்டர் பீரங்கிக்குக் கவசம் துளைக்கும் திண்குண்டே வழங்கப்பட்டது; வெடிகுண்டு வழங்கப்படவில்லை. ஆதலின் மறைந்திருந்த எதிர்ப்பீரங்கிகளைத் தொலைவிலிருந்து அழிக்க இயலாமல், இயந்திரத் துப்பாக்கி எட்டும் தொலைவுக்கு நெருங்க வேண்டியதாயிற்று. காத்திருக்கும் பீரங்கியின் முன் விரைவு காப்பாகவில்லை. கொள்கையின் குறைக்கு இரையானோர் வண்டியினுள் இருந்த நால்வரே.

ஒப்பீடு

இங்கு ஒன்று கருதத்தக்கது. சோவியத் நாட்டினர் தம் பி.டி. டாங்கியின் மெலிவை உணர்ந்து, அதே கிறிஸ்டி அமைப்பின்மீது 45 மி.மீ. சாய்கவசமுடைய டி-34ஐ 1940இல் உற்பத்தி செய்யத் தொடங்கினர். எனவே மெல்லிய கவசம் கிறிஸ்டி அமைப்பின் தவிர்க்கவியலாத விளைவன்று. விரைவையும் காப்பையும் வெவ்வேறு வண்டிகளுக்குப் பிரித்தளித்த கொள்கையின் விளைவேயாகும்.

முடிவுரை

கனரகக் குரூசராகத் திட்டமிடப்பட்டு 1945இல் வெளிவந்த செஞ்சூரியன், இரு பணிகளையும் ஒரே வண்டியில் இணைத்தது. 1965ஆம் ஆண்டுப் போரில் இந்தியப் படை பயன்படுத்தியதும் அவ்வண்டியையே. ஏ13இன் தோல்வி கற்பித்த பாடம் செஞ்சூரியனில் நிறைவேறியது எனலாம்.