இருளர் என்ன பாஷை பேசுவாங்க?

மாசம் ஒரு தடவை அரிசி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு சென்னைக்கு வருவேன். மயிலாப்பூரில் நாலு வீடு, ஆழ்வார்பேட்டையில் ஆறு வீடு, எல்லாமே பழகின வீடுகள். போன மாசம் ஆழ்வார்பேட்டையில், டிடிகே சாலைக்குப் பின்பக்கம் ஒரு அடுக்குமாடி வீட்டில் சீரகச் சம்பாவை இறக்கிவிட்டு, அந்த வீட்டு அம்மா கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டிருந்தேன். கல்லூரியில் படிக்கும் அவங்க பேரன் போனை எடுத்துக்கிட்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். எச்சிலைக் குப்பியில் துப்பி அனுப்பி டிஎன்ஏ சோதனை செய்திருக்கிறானாம். கலர் கலராக ஒரு வட்டம் காட்டினான்.

"அங்கிள், உங்க ஊர்ல இருளர் இருக்காங்கன்னு பாட்டி சொன்னாங்க. அவங்கதான் இந்த நாட்டோட ஒரிஜினல் மக்கள், கலப்பே இல்லாதவங்கன்னு படிச்சேன். அவங்க என்ன பாஷை பேசுவாங்க?"

"தமிழ்தான் தம்பி."

"அப்போ அவங்க நிஜமான ட்ரைப் இல்லையா?"

பையன் விகல்பமில்லாமல்தான் கேட்டான். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. அதே கேள்வியை மூணு வருஷத்துக்கு முன்னால் ஓர் அரசு அலுவலகத்தில் மேசைக்கு எதிர்ப்பக்கமிருந்து கேட்டிருக்கிறேன்.

எங்கள் ஊர் செங்கல்பட்டு மாவட்டம். ஏரிக்கரையில் இருளர் குடும்பங்கள் பதினைந்து இருக்கும். அறுப்புக்கு முன்னால் வரப்பில் எலி வளை பெருகிவிட்டால் அங்கிருக்கும் ஒரு பெரியவரைத்தான் கூப்பிடுவோம். மண்சட்டியில் வைக்கோலைப் போட்டுப் புகை ஊதி, வளையை வெட்டி எலியைப் பிடிப்பார். எலி உள்ளே சேர்த்து வைத்த நெல்லும் அவருக்குத்தான். அவர் பேரன் பத்தாவது பாஸ் பண்ணியதும் பழங்குடிச் சான்றிதழ் தேவைப்பட்டது. கோட்டாட்சியர் கையெழுத்து வேண்டும். மனு எழுத நான் துணைக்குப் போனேன். விசாரித்தவர் பையனைக் கேட்டார்: "உங்க பாஷையில ரெண்டு வார்த்தை பேசு. பாம்பு பிடிப்பியா?" பையன் தலையைக் குனிந்துகொண்டான்.

இந்த இரண்டு கேள்விகளும் ஏன் தப்பு என்று தேடித் தேடிப் படித்தேன். படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பாஷை. நீலகிரி, கோவை, அட்டப்பாடி மலைச்சரிவுகளில் இருக்கும் இருளருக்குத் தனி மொழியே உண்டு. ரொம்ப நாளாக அதைத் தமிழின் கொச்சை என்றுதான் ஒதுக்கி வைத்திருந்தார்கள். ஜெரார் டிஃப்ளோத் 1968-ல் அந்த மொழியை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கினார். பிறகு செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவலபில் 1973-லிருந்து வரிசையாக எழுதிக் காட்டினார்: இது தமிழுக்கு நெருங்கிய உறவு, ஆனால் தனித் தென்திராவிட மொழி. நாக்கை வாயின் நடுவில் வைத்து ஒலிக்கும் உயிரெழுத்துகள் அதில் உண்டு. நம் எழுத்தில் அவற்றை எழுதவே முடியாது.

ஆனால் செங்கல்பட்டு, விழுப்புரம் சமவெளியில் இருக்கும் இருளர் பேசுவது தமிழ். எங்கள் பக்கம் வில்லியர் என்றும் சொல்வார்கள். தலைமுறை தலைமுறையாக நம் வயலிலும் ஏரிக்கரையிலும் வாழ்ந்தவர்கள் வேறென்ன பேசுவார்கள்? இலங்கையில் வேடர்களைப் பாருங்கள். உள்நாட்டு வேடர் சிங்களத்துக்கு நெருங்கிப் போனார்கள், கிழக்குக் கடற்கரை வேடர் தமிழ் பேசுகிறார்கள். மொழி பக்கத்து வீட்டிலிருந்தும் வரும், சந்தையிலிருந்தும் வரும், கூலி கொடுக்கிறவனிடமிருந்தும் வரும்.

அடுத்து தொழில். இருளர் பாம்பு பிடித்தது உண்மைதான். தோல் வியாபாரத்துக்காகப் பிடித்தார்கள். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, பிறகு அந்த வியாபாரமே நின்றுபோனது. ஒரேயடியாகப் பிழைப்பு போயிற்று. 1978-ல் ரோமுலஸ் விட்டேகரின் முயற்சியில், மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நாலு வகை. விஷம் எடுத்துவிட்டுப் பாம்பை மறுபடி காட்டில் விட்டுவிடுவார்கள். கடித்தவர்களுக்குப் போடுகிற மருந்து அந்த விஷத்திலிருந்துதான் தயாராகிறது. 2023-ல் வடிவேல் கோபால், மாசி சடையன் இரண்டு பேருக்கும் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஆனால் உரிமம் இல்லாத இருளர் பையன் இன்றைக்குப் பாம்பைத் தொட்டால் வழக்கு. ஒரு சட்டம் பிடிக்காதே என்கிறது, இன்னொரு அலுவலகம் பிடிப்பாயா என்று கேட்கிறது. பையன் எங்கே போவான்?

மூணாவதுதான் ரத்தம். அளந்து பார்க்கிற ஆசை நம் ஊருக்குப் புதுசில்லை. எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் ஊர் ஊராகப் போய் மனுஷர்களின் மூக்கைக் கருவி வைத்து அளந்தார். மூக்கு எவ்வளவு அகலமோ அவ்வளவு பழைய இனம் என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. சாதிகள், பழங்குடிகள் பற்றி 1909-ல் அவர் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் இருளரும் இருக்கிறார்கள்.

இப்போது மூக்குக்குப் பதில் டிஎன்ஏ. ஆனால் இது சொல்கிற கதை வேறு. 2009-ல் ஹைதராபாத் சிசிஎம்பியின் தங்கராஜ், லால்ஜி சிங் ஆகியோரும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் சேர்ந்து இந்தியாவின் 25 குழுக்களை ஆராய்ந்தார்கள். அந்தமான் ஓங்கே மக்களை விட்டுவிட்டால், அவர்கள் பார்த்த பெரும்பாலான குழுக்களிலும் கலப்பு இருந்தது. பழங்குடிகளிலும்தான். 2013-ல் 73 குழுக்களை வைத்து இன்னொரு ஆய்வு வந்தது. அந்தக் கலப்பு சுமார் 4200 முதல் 1900 வருஷங்களுக்கு முன்னால் நடந்தது, பிறகு அவரவர் சாதிக்குள்ளேயே கட்டிக்கொண்டு நிறுத்திவிட்டோம் என்று அது சொல்கிறது. 2019-ல் வந்த பெரிய ஆய்வு நம் பழனிமலைப் பக்கத்துப் பளியரை வைத்துக் கணக்குப் போட்டது. அவர்களுடைய கலப்பும் கி.மு. 1700-க்கும் 400-க்கும் இடையில் நடந்தது என்று வந்தது.

2016-ல் உலகம் முழுக்க 142 குழுக்களிலிருந்து 300 பேரின் முழு மரபணுவைப் படித்தார்களே, அதில் இருளரும் உண்டு. அவர்களிடம் இந்த மண்ணின் பழைய வேட்டை மக்களின் பங்கு அதிகம், வடக்கே புல்வெளியிலிருந்து வந்தவர்களின் பங்கு மிகக் குறைவு. ஆழ்வார்பேட்டைப் பையனிடமும் என்னிடமும் அதே பழைய பங்கு இருக்கிறது, அளவுதான் வேறே.

எங்கள் பாஷையில் சொன்னால், விதைநெல்லில் கலவன் பொறுக்குவது மாதிரி. இரண்டு ரகம் எப்போதோ கலந்துபோய், பிறகு அவனவன் தன் வயல் விதையையே திருப்பித் திருப்பிப் போட்டால் ஒவ்வொரு வயலும் தனி ரகம் மாதிரித் தெரியும். ஆதி விதை எங்கள் வயலில் மட்டும்தான் இருக்கிறது என்று எவனும் சொல்லிக்கொள்ள முடியாது.

அப்படியானால் இருளர் யார்? அவர்களை இருளர் ஆக்கியது சுத்த ரத்தமோ தனிப் பாஷையோ இல்லை. யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள், மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில் கூடிக் கன்னியம்மாவைக் கும்பிடுகிறவர்கள் யார், ஊர் யாரைத் தள்ளி வைத்தது, அரிசி ஆலையில் முன்பணம் கொடுத்து யாரைக் கொத்தடிமையாக வைத்தது என்பதுதான். நம் மாநிலத்தில் 2011 கணக்குப்படி இருளர் சுமார் 1 லட்சத்து 90 ஆயிரம் பேர். 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும், பழங்குடிச் சான்றிதழ் வழக்கு ஒன்றில், பழக்கவழக்கத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனை மட்டுமே உரைகல் ஆகாது என்று சொல்லிவிட்டது.

பெரியவரின் பேரனுக்குச் சான்றிதழ் கடைசியில் கிடைத்தது. அதற்குள் ஒரு வருஷப் படிப்பு போய்விட்டது. இப்போது ஐடிஐ-யில் படிக்கிறான்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் பெரியவரை, தன்னைவிட வயதில் மூத்தவரை, என் அப்பா கடைசிவரை "வாடா" என்றுதான் கூப்பிட்டார். சின்ன வயசில் நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். அவர் என்னை "ஐயா" என்பார். இந்தக் கணக்கு எந்த டிஎன்ஏ வட்டத்திலும் வராது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு ஆழ்வார்பேட்டைப் பையன் போனை அணைத்தான். "அங்கிள், அறுப்புக்கு உங்க ஊருக்கு வரலாமா? அவரைப் பார்க்கணும்" என்றான். தை மாசம் வா என்றேன். வந்தால் அவரைத் தாத்தா என்றுதான் கூப்பிட வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறேன்.