விண்ணிலிருந்து விழும் பொருளின் வேகம் கணக்கிடப்படுவது எப்படி?

விண்வெளியிலிருந்து பூமிக்குத் திரும்பும் கலம் எவ்வளவு வேகத்தில் வளிமண்டலத்தில் நுழையும், எவ்வளவு வேகத்தில் கடலைத் தொடும் என்பதை முன்கூட்டியே கணக்கிட வேண்டும். ககன்யான் திட்டத்தில் வீரர்கள் உயிருடன் திரும்புவது இக்கணக்கைச் சார்ந்தே உள்ளது.

உயரத்தால் பெறும் வேகம்

ஓய்வு நிலையிலிருந்து விழும் பொருளின் வேகத்தை அறிய, ஈர்ப்பு முடுக்கத்தையும் உயரத்தையும் பெருக்கி, அதை இரு மடங்காக்கி, வர்க்கமூலம் காண வேண்டும். ககன்யானுக்குத் திட்டமிடப்பட்டுள்ள 400 கிலோமீட்டர் உயரத்திற்கு இவ்வாறு கணக்கிட்டால், வினாடிக்கு 2.8 கிலோமீட்டர் கிடைக்கும். உயரம் கூடக்கூட ஈர்ப்பு குறைவதையும் சேர்த்துக் கணக்கிட்டால், அது 2.7 கிலோமீட்டராகும். இவை இரண்டும் காற்றே இல்லை எனக் கொண்டு பெறப்பட்டவை.

சுற்றுப்பாதை வேகம்

ஆனால், சுற்றுப்பாதையில் உள்ள கலம் ஓய்வு நிலையில் இருப்பதில்லை. 400 கிலோமீட்டர் உயரத்தில் அது வினாடிக்கு சுமார் 7.7 கிலோமீட்டர் வேகத்தில் பூமியைச் சுற்றுகிறது. எனவே, திரும்பும் கலத்தின் வேகத்தில் பெரும்பகுதி உயரத்தால் வருவதன்று. சுற்றுப்பாதை வேகத்தால் வருவதாகும். வெகுதொலைவில் ஓய்வு நிலையில் தொடங்கி, பூமியின் ஈர்ப்பால் மட்டுமே இழுக்கப்படும் பொருளோ வினாடிக்கு 11.2 கிலோமீட்டர் வேகத்தை எட்டும்.

காற்றின் தடை

வளிமண்டலத்தில் காற்றின் தடை, வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப அதிகரிக்கிறது. தடையும் பொருளின் எடையும் சமமாகும்போது வேகம் மேலும் கூடுவதில்லை. இதுவே முற்றுத்திசைவேகம். எடையின் இரு மடங்கை, காற்றின் அடர்த்தி, பொருளின் குறுக்குவெட்டுப் பரப்பு, இழுவைக் குணகம் ஆகியவற்றின் பெருக்கற்பலனால் வகுத்து, வர்க்கமூலம் கண்டால் இதனைப் பெறலாம். பரப்பு நான்கு மடங்கானால் வேகம் பாதியாகும். பாராசூட் இந்த அடிப்படையிலேயே செயல்படுகிறது.

இந்தியாவின் அனுபவம்

2007 ஜனவரி 10 அன்று பிஎஸ்எல்வி-சி7 ராக்கெட் மூலம் செலுத்தப்பட்ட 550 கிலோ எடையுள்ள எஸ்ஆர்இ-1 கலத்தை, இஸ்ரோ ஜனவரி 22 அன்று வங்காள விரிகுடாவில் பத்திரமாக இறக்கியது. 100 கிலோமீட்டர் உயரத்தில் அதன் வேகம் வினாடிக்கு 8 கிலோமீட்டர். 5 கிலோமீட்டர் உயரத்தை அடைந்தபோது காற்றின் தடையால் மட்டுமே அது வினாடிக்கு 101 மீட்டராகக் குறைந்திருந்தது. அதன் பின்னர் சிறு பாராசூட்டுகள் வேகத்தை 47 மீட்டராகக் குறைத்தன. முதன்மை பாராசூட் விரிந்த பின், வினாடிக்கு 12 மீட்டர் வேகத்தில் கலம் கடலில் இறங்கியது.

முதல் பாராசூட் விரிவதற்கு முன்பே கலத்தின் வேகம் ஏறத்தாழ 80-இல் ஒரு பங்காகவும், இயக்க ஆற்றல் 6,000-இல் ஒரு பங்கிற்கும் குறைவாகவும் தணிந்துவிட்டது. இழந்த ஆற்றல் வெப்பமாக மாறி, பெரும்பாலும் சுற்றியுள்ள காற்றைச் சென்றடைகிறது. எஞ்சிய வெப்பத்தைக் கலத்தின் வெப்பக் கவசம் தாங்க வேண்டும். நுழைவுக் கோணம் மிகச் செங்குத்தானால் வெப்பமும் அழுத்தமும் வரம்பு மீறும். மிகச் சாய்வானால் கலம் இறங்குமிடம் தவறிப் போகும். எனவே, வேகத்துடன் கோணமும் சேர்த்தே கணக்கிடப்படுகிறது.