இரண்டு மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள யார்? படைவீரர் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டியவை

ஆயுதப்படையில் பணியாற்றுபவரின் வீட்டில் பிள்ளை வளர்ப்பு பல நாள்கள் ஒருவர் கையில்தான் நடக்கிறது. லுமுட் தளத்திலிருந்து கப்பல் புறப்பட்டுவிட்டால் கைப்பேசி அழைப்புக்கூட கிடைக்காமல் போகலாம். சரவாக் எல்லைக் காவல், சபா கிழக்குக் கரைப் பாதுகாப்பு, காட்டுப் பயிற்சி என்று தரைப்படையினர் வாரக் கணக்கிலும் மாதக் கணக்கிலும் வீட்டை விட்டு விலகி இருக்கின்றனர். லெபனானில் ஐ.நா. அமைதிப்படையில் மலேசியப் படைக்குழு 2007 முதல் பணியாற்றி வந்துள்ளது. ஆண்டு இறுதியில் கிழக்குக் கரை மாநிலங்களில் வெள்ளம் வந்தால், மீட்புப் பணிக்குப் போகும் உத்தரவு சில மணி நேரத்தில் வந்து சேரும்.

அந்த நாள்களில் வீட்டில் இருக்கும் தாய்க்கோ தந்தைக்கோ முழுநேரப் பராமரிப்பு தேவைப்படாமல் இருக்கலாம். தேவைப்படுவது இரண்டு அல்லது மூன்று மணி நேரம். கர்ப்பிணித் தாய்க்கு கிளினிக் பரிசோதனை இருக்கும், மூத்த பிள்ளையின் பள்ளியில் பெற்றோர் சந்திப்பு இருக்கும், வேலைக்கு நேர்முகத் தேர்வு இருக்கும், திடீரென்று ஒரு துக்க வீடு இருக்கும். கைக்குழந்தையை அந்த நேரத்துக்கு யாரிடம் விடுவது?

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வி ஒரு காலத்தில் எழுந்ததில்லை. விடியற்காலையில் பால்மரம் சீவப் போன தாய்மார்கள் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்றார்கள். ஆயாவும் தெரிந்தவர், சுற்றியிருந்த லயத்து வீடுகளும் தெரிந்தவை. பணி மாற்றலுக்கு ஏற்ப கெமாஸ், தெரெண்டாக், பட்டர்வொர்த், குவாந்தான் என்று இடம் மாறும் குடும்பத்துக்கு அம்மா வீடும் அருகில் இல்லை, ஆயாக் கொட்டகையும் இல்லை. அந்த நம்பிக்கையை ஒவ்வோர் ஊரிலும் புதிதாக அமைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதை உத்தரவு வந்த பிறகு செய்ய முடியாது. இருவரும் வீட்டில் இருக்கும் நாள்களிலேயே செய்து முடிக்க வேண்டும்.

தாஸ்காவில் ஏன் இடம் கிடைப்பதில்லை?

தாஸ்கா எனப்படும் குழந்தைப் பராமரிப்பு மையங்களில் பெரும்பாலானவை மாதக் கட்டணத்தில் இயங்குகின்றன. “இன்று மட்டும் மூன்று மணி நேரம் பார்த்துக்கொள்ள முடியுமா?” என்று கேட்டால் மறுத்துவிடுவார்கள். அதை இரக்கமின்மை என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு பராமரிப்பாளர் எத்தனை பிள்ளைகளைக் கவனிக்கலாம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைகள் என்றால் ஒருவருக்கு 3 பேர். ஒன்று முதல் மூன்று வயதுக்குள் 5 பேர். மூன்று முதல் நான்கு வயதுக்குள் 10 பேர். மூன்று கைக்குழந்தைகளை வைத்திருக்கும் பராமரிப்பாளர், ஒரு மணி நேரத்துக்குக்கூட நான்காவது குழந்தையை ஏற்கக் கூடாது.

ஆகவே கேள்வியை மாற்றிக் கேட்பது நல்லது. “எந்த நாளில், எந்த நேரத்தில் உங்களிடம் இடம் இருக்கும்?” என்று முன்கூட்டியே விசாரிக்கலாம். சில பிள்ளைகள் மதியத்தோடு வீடு திரும்பிவிடுவார்கள், சிலர் வாரத்தில் சில நாள்கள் மட்டுமே வருவார்கள். பதிவுக் கட்டணத்தை முதலிலேயே கட்டி, பிள்ளையின் விவரங்களைக் கொடுத்து வைத்தால், தேவைப்படும் நாளில் ஒரு தொலைபேசி அழைப்பே போதுமானதாக இருக்கலாம். மணிக்கு எவ்வளவு, குறைந்தது எத்தனை மணி நேரம், தாமதமாக அழைத்துச் சென்றால் கூடுதல் எவ்வளவு என்பவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஒரே இடத்தை நம்பியிருப்பதும் சரியல்ல. ஒரு தாஸ்கா, ஒரு பராமரிப்பாளர் வீடு என்று இரண்டு இடங்களாவது கைவசம் இருக்க வேண்டும்.

நான்காவது பிள்ளை என்ற வரம்பு

தாமானில் ஓர் அக்கா வீட்டிலேயே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது பல குடும்பங்களுக்குக் கைகொடுக்கும் ஏற்பாடு. இதில் பலர் கவனிக்காத ஒரு சட்ட வரம்பு உண்டு. 1984ஆம் ஆண்டு குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டத்தின்படி, ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த, நான்கு வயதுக்குக் குறைந்த நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகளைக் கட்டணம் பெற்றுக் கவனிக்கும் எந்த இடமும் பராமரிப்பு மையமே. அது சமூக நலத்துறையில் பதிவு பெற வேண்டும். பத்துப் பிள்ளைகளுக்குக் குறைவாக இருந்தால் வீட்டுத் தாஸ்காவாகப் பதியலாம்.

அக்காவிடம் ஏற்கெனவே மூன்று குழந்தைகள் இருந்தால், “இரண்டு மணி நேரம்தானே” என்று விடப்படும் பிள்ளை நான்காவதாகிவிடுகிறது. எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று கேட்பது அவரைச் சந்தேகிப்பது ஆகாது. அவரையும் பிள்ளைகளையும் பாதுகாக்கும் கேள்வி அது.

பதிவு பெற்ற தாஸ்காக்களின் விவரத்தை மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் கேட்கலாம். மையத்துக்கு நேரில் சென்று பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லலாம். சிறாருக்கு எதிரான குற்றம் புரிந்தவர்களின் விவரங்களைக் கொண்ட ‘இ-டிகேகே’ பதிவேடு 2019இல் அறிமுகமானது. பணியாளர்கள் அதில் சரிபார்க்கப்பட்டார்களா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. பள்ளி முடிந்து வரும் பிள்ளைகளைக் கவனிக்கும் இடங்கள் 1993ஆம் ஆண்டு பராமரிப்பு மையச் சட்டத்தின் கீழ் வருகின்றன. அவற்றிடமும் பதிவு பற்றி விசாரிக்கலாம்.

முகாமுக்குள் இருப்பவர்கள்

படைக் குடும்பக் குடியிருப்பில் வசிப்பவர்கள் முதலில் அணுக வேண்டிய அமைப்பு ‘பாக்காட்’ எனப்படும் ஆயுதப்படைக் குடும்ப நல அமைப்பு. படைவீரர்களின் மனைவிமார்கள் இதில் உறுப்பினர்கள். முகாமில் பாலர் பள்ளியோ தாஸ்காவோ இருக்கிறதா, அதில் குறுகிய நேரத்துக்குப் பிள்ளையை விடலாமா, அருகில் யார் நம்பிக்கையாகப் பிள்ளை பார்க்கிறார்கள் என்பதையெல்லாம் அங்குள்ளவர்கள் அறிந்திருப்பார்கள். புதிதாக மாற்றலாகி வந்த முதல் வாரத்திலேயே அறிமுகம் செய்துகொள்வது நல்லது.

மணிக்கணக்கில் வீட்டுக்கே பராமரிப்பாளரை அனுப்பும் ‘கிட்டோகேர்’ போன்ற செயலிச் சேவைகளும் நாட்டில் உள்ளன. ஆனால் முகாமுக்குள் வெளியாள் வர வேண்டுமானால் வாயிற்காவலில் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் பதிவு செய்தால் பராமரிப்பாளர் வாயிலில் நிற்பார், தாய் வீட்டில் தவிப்பார். முன்னதாகவே விதிமுறையைக் கேட்டுக்கொள்ள வேண்டும். முகாமுக்கு வெளியே உறவினர் வீடு இருந்தால் அங்கே பராமரிப்பாளரை வரவழைப்பது எளிது.

பணம் இல்லாமல் நடக்கும் ஏற்பாடும் உண்டு. ஒரே வரிசை வீடுகளில் இரண்டு மூன்று குடும்பங்கள் முறை வைத்துக்கொண்டு பிள்ளைகளைக் கவனிக்கலாம். இந்த வாரம் நீங்கள் மூன்று மணி நேரம் பார்த்தால், அடுத்த வாரம் அவர்கள் மூன்று மணி நேரம் பார்ப்பார்கள். நேரத்தை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டால் மனக்கசப்பு வராது. எல்லாக் கணவர்களும் ஒரே கப்பலில் அல்லது ஒரே படைப்பிரிவில் இருந்தால் எல்லா வீடுகளிலும் ஒரே நேரத்தில் ஆள் குறையும் என்பதையும் மறக்கக் கூடாது. வேறு பிரிவுக் குடும்பம் ஒன்றையும் சேர்த்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

வாட்ஸ்அப் குழுவில் பராமரிப்பாளர் தேடும்போது “கணவர் கடலுக்குப் போய்விட்டார், 20ஆம் தேதி வரை தனியாக இருக்கிறேன்” என்று எழுத வேண்டாம். படையின் நடமாட்டமும் வெளியே தெரிகிறது, வீட்டில் ஆண் துணை இல்லை என்பதும் தெரிகிறது. “செவ்வாய் காலை மூன்று மணி நேரம் தேவை” என்பது போதும்.

பிள்ளையோடு கொடுக்க வேண்டிய ஒரு தாள்

எப்போதாவது வரும் பிள்ளையைப் பராமரிப்பாளருக்கு அதிகம் தெரியாது. அதனால் ஒரு தாளில் முக்கிய விவரங்களை எழுதி, பிள்ளையின் மைகிட் நகலோடும் கிளினிக் புத்தகத்தின் நகலோடும் ஒரு கோப்பில் வைத்துவிடலாம்.

• பிள்ளையின் பெயர், வயது, ஒவ்வாமை, எடுக்கும் மருந்து, அதன் அளவு, கொடுக்கும் நேரம்.

• கூப்பிட்டவுடன் எடுக்கக்கூடிய இரண்டு பேரின் எண்கள். பணியில் இருக்கும் தந்தையின் எண் மட்டும் போதாது. அவரது பிரிவின் பணிநேர அதிகாரியின் எண்ணையும் சேர்க்கலாம்.

• பிள்ளையை அழைத்துச் செல்ல அனுமதி பெற்றவர்களின் பெயரும் அடையாள அட்டை எண்ணும். சீருடையில் வந்து “அப்பாவின் நண்பர்” என்று சொன்னாலும், பட்டியலில் இல்லாதவரிடம் பிள்ளையை ஒப்படைக்கக் கூடாது. ஒரு இரகசியச் சொல் வைத்துக்கொள்வது உதவும்.

• உணவு. மாட்டிறைச்சி சாப்பிடாத வீடு, வெள்ளிக்கிழமை சைவம் என்றால் தெளிவாக எழுத வேண்டும். முஸ்லிம் பராமரிப்பாளர் வீடென்றால், வீட்டுச் சாப்பாட்டைக் கொண்டுபோகலாமா என்று முன்பே மரியாதையோடு கேட்டுக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது.

• தூக்கம். கைக்குழந்தையை மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டும் என்பதை எழுதியே கொடுக்கலாம்.

காய்ச்சலோ கை, கால், வாய் நோயோ இருக்கும் பிள்ளையைத் தாஸ்கா ஏற்காது. பராமரிப்பு மிக அவசரமாகத் தேவைப்படும் நாளும் பல வேளைகளில் அதுவாகவே இருக்கும். எனவே கைவசம் உள்ள இரண்டு இடங்களில் ஒன்று, உங்கள் வீட்டுக்கே வரக்கூடிய ஆளாக இருப்பது நல்லது.

மூத்த பிள்ளையிடம் விட்டுச் செல்லலாமா?

“அக்காவுக்குப் பத்து வயதாகிறது, தம்பியைப் பார்த்துக்கொள்வாள்” என்று விட்டுச் செல்வது ஆபத்தானது. 2001ஆம் ஆண்டு சிறார் சட்டத்தின் 33ஆவது பிரிவு, நியாயமான மேற்பார்வைக்கு ஏற்பாடு செய்யாமல் பிள்ளையை விட்டுச் செல்வதைக் குற்றமாக்குகிறது. 2016 திருத்தத்துக்குப் பிறகு 20,000 ரிங்கிட் வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். இத்தனை வயதென்றால் தனியே விடலாம் என்று அந்தப் பிரிவு எண் எதையும் சொல்லவில்லை. அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, மாடி ஜன்னல் ஆகியவற்றைப் பத்து வயதுப் பிள்ளையால் சமாளிக்க முடியுமா என்பதை எண்ணிப் பார்த்தாலே பதில் தெரியும்.

மனம் தளர்ந்து, பிள்ளையைச் சமாளிக்க முடியாத நிலை வந்தால் ‘தாலியான் காசே’ 15999 என்ற எண்ணை 24 மணி நேரமும் அழைக்கலாம். உதவி கேட்பது கணவரின் பணிக்குக் களங்கம் என்று தயங்க வேண்டியதில்லை.

கையெழுத்து, வேலை, வரி

மருத்துவமனையில் பிள்ளைக்காகக் கையெழுத்திடத் தந்தை வர வேண்டும் என்று சில தாய்மார்கள் காத்திருக்கிறார்கள். 1961ஆம் ஆண்டு சிறார் பாதுகாவலர் சட்டத்தின் 1999 திருத்தம், முஸ்லிம் அல்லாத குடும்பங்களில் தாய்க்கும் தந்தைக்கும் சமமான உரிமை தருகிறது. தாயின் கையெழுத்துக்கும் அதே மதிப்பு உண்டு. பெற்றோர் இருவருமே படையில் இருந்தால், தாத்தா பாட்டிக்கு அல்லது பராமரிப்பாளருக்கு மருத்துவ அவசரத்துக்கான அனுமதிக் கடிதம் எழுதி வைப்பது அவசியம்.

துணைவர் தனியார் துறையில் வேலை செய்தால், வேலை நேரத்தை மாற்றித் தரும்படி எழுத்துமூலம் கேட்க முடியும். 2023 ஜனவரி 1 முதல், தீபகற்ப மலேசியாவிலும் லாபுவானிலும் முதலாளி அதற்கு 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். பயிற்சி அட்டவணை தெரிந்தவுடன் விண்ணப்பிப்பது நல்லது.

ஆறு வயதும் அதற்குக் குறைந்த வயதுமுள்ள பிள்ளைக்காகப் பதிவு பெற்ற தாஸ்காவுக்கோ பாலர் பள்ளிக்கோ கட்டும் கட்டணத்துக்கு 3,000 ரிங்கிட் வரை வருமான வரி விலக்கு கோரலாம். மணிக்கணக்கில் கட்டிய சிறு தொகையின் ரசீதையும் எறிந்துவிடக் கூடாது. பதிவில்லாத வீட்டில் கட்டும் பணத்துக்கு இந்தச் சலுகை இல்லை.

ஒத்திகை பார்க்க வேண்டும்

இடம் முடிவானதும், தந்தை விடுப்பில் இருக்கும்போதே ஒத்திகை பார்க்கலாம். முதல் தடவை ஒரு மணி நேரம், அடுத்த வாரம் இரண்டு மணி நேரம், பிறகு ஒரு சாப்பாட்டு வேளை வரை. பிள்ளை எப்படி இருந்தது என்று பராமரிப்பாளர் சொல்லும் விதத்திலேயே அவரது கவனம் புலப்படும். சொல்லாமல் ஒருநாள் சற்று முன்னதாகவே போய்ப் பார்ப்பதும் தவறில்லை.

அப்பா புறப்பட்டுப் போன அன்றே புதிய வீட்டில், புதிய முகத்திடம் விடப்படும் பிள்ளைக்கு ஒரே நாளில் இரண்டு பிரிவுகள். ஏற்கெனவே விளையாடிப் பழகிய வீடாக இருந்தால், அதில் ஒன்று குறையும்.